ஐந்தெழுத்தில் தோற்ற கதை

கொல்லிமலை என்று எழுத ஐந்தெழுத்து போதும். கொ, ல், லி, ம, லை. அறப்பளீஸ்வரர் குடியிருக்கிற மலைக்கு ஐந்தெழுத்துப் பெயர் அமைந்தது பொருத்தம்தான். ஆனால் அந்த ஐந்தில் நான்கில் நான் தோற்றிருக்கிறேன். மிச்சமுள்ள ஒன்றில் தோற்காததற்கு என் திறமை காரணமில்லை. அந்த எழுத்து வரும்போது சொல்கிறேன்.

சேந்தமங்கலத்தில் எனக்கொரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று மனிதனுக்கு நடக்கிற எல்லாவற்றுக்கும் எழுத்துக் கோத்துக் கொடுக்கிறேன். இருபது வருடம் அடுத்தவர் செய்த எழுத்துருவை வைத்தே பிழைத்தவனுக்கு, நாற்பத்தைந்து வயதில் சொந்தமாக ஒன்று செய்து பார்த்தால் என்ன என்று தோன்றிவிட்டது. இந்த வயதில் சிலர் மாரத்தான் ஓடக் கிளம்புவார்கள், சிலர் மாடித் தோட்டம் போடுவார்கள். என் வீட்டுக்காரி மாடித் தோட்டத்தைத்தான் எதிர்பார்த்தாள். “நாலு கத்தரிக்காயாவது கிடைச்சிருக்கும்” என்று இன்றைக்கும் சொல்வாள்.

பெயரை முதலில் வைத்துவிட்டேன்: ‘வல்வில்’. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தினான் என்பது புறநானூற்றுப் பெருமை. என் எழுத்துருவும் ஒரே கோப்பில் நோட்டீஸ், பலகை, பாக்கெட், கைபேசி, கல்யாணப் பத்திரிகை ஐந்தையும் வீழ்த்திவிடும் என்று கணக்குப் போட்டேன். ஓர் எழுத்துகூட வரையாத நாளிலேயே ‘எழுத்துரு வடிவமைப்பாளர்’ என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டேன். அந்தக் கார்டே வேறொருவர் செய்த எழுத்துருவில்தான் இருக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

கம்ப்யூட்டரில் எழுத்து வரைவது பேனா பிடிக்கிற வேலை இல்லை. வளைவின் இரு முனையிலும் புள்ளி வைத்து, அந்தப் புள்ளியிலிருந்து நீளும் கைப்பிடியை இழுத்து இழுத்து வளைவைப் படிய வைக்க வேண்டும். இதற்குப் பெசியே வளைவு என்று பெயர். பியர் பெசியே ரெனோ கார் கம்பெனியின் எஞ்சினியர். 1960களில் கார் பாடியின் வளைவுகளை வரைய இந்தக் கணக்கைக் கையாண்டார். அவருக்குச் சற்று முன்பே சிட்ரோயன் கம்பெனியில் பால் தெ காஸ்தெல்ஜோ என்பவர் இதே கணக்கைப் போட்டிருந்தார். கம்பெனி அதை வெளியே விடாமல் வைத்துக்கொண்டது. இதைப் படித்ததும் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. ஊருக்கெல்லாம் லாரி பாடி கட்டித் தருகிற நாமக்கல் மாவட்டத்துக்காரனுக்குக் கார் பாடி வளைவு வராதா?

வரவில்லை. வளைவில் எவ்வளவு குறைவாகப் புள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது, அதுவும் வளைவின் உச்சியிலும் அடியிலும் இரு பக்க விளிம்பிலும் இருந்தால் போதும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். என் முதல் ல-வில் 41 புள்ளிகள் இருந்தன. காரவள்ளியிலிருந்து மேலே ஏறுகிற பாதை 70 கொண்டை ஊசி வளைவில் மலையையே ஏறிவிடுகிறது. நான் இரண்டு ல எழுதுவதற்குள் அதைத் தாண்டியிருந்தேன். அந்த வளைவுகளைப் பார்த்தாவது கற்றுக்கொள்வோம் என்று நோட்டும் பென்சிலுமாகப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். 22ஆவது வளைவில் நோட்டை மூடினேன். 38ஆவது வளைவில் ஜன்னலைத் திறந்தேன். பக்கத்து சீட்டு அம்மா எலுமிச்சம்பழம் கொடுத்தார். அந்தப் பயணத்தில் எழுத்துருவுக்கென்று கிடைத்தது எதுவும் இல்லை.

தமிழுக்கு 247 எழுத்து என்று பயமுறுத்துவார்கள். அத்தனையும் வரைய வேண்டியதில்லை. கால், கொம்பு, இரட்டைக் கொம்பு என்று தனித்தனியாக வரைந்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. உயிரை வாங்குவது கு, கூ வரிசைதான். கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, நு ஒரு மாதிரி. குறிலும் நெடிலும் சேர்த்து 36 எழுத்தையும் ஒவ்வொன்றாக வரைய வேண்டும். அதில் ஙு, ஙூ இரண்டையும் என் ஆயுளில் ஒரு வாடிக்கையாளரும் கேட்டதில்லை. ஆனால் இல்லாவிட்டால் எழுத்துரு முழுமை ஆகாது. ‘ஙப் போல் வளை’ என்று ஔவை எதற்குச் சொன்னாள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. ஙகரம் தன் இனத்தை எல்லாம் கட்டிக் காக்கிறது என்பார்கள். என்னைக் கட்டிப்போட்டது.

பாதி எழுத்து தேறியிருந்த நேரத்தில், செம்மேட்டுப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு மகளிர் குழு லேபிள் அடிக்க வந்தது. சாமை, தினை, கேழ்வரகு, மிளகு எல்லாம் பாக்கெட் போட்டு விற்கப்போகிறார்கள். குழுத் தலைவி ஏற்கெனவே என்னிடம் நோட்டீஸ் அடித்துப் பழக்கம்.

“டிசைனுக்குக் காசு வேண்டாங்க அக்கா. நம்ம எழுத்துலயே போட்டுத் தர்றேன்.”

“நம்ம எழுத்துன்னா தமிழ்தானே தம்பி?”

“தமிழ்தாங்க.”

“அப்பச் சரி.”

இப்போது ‘கொ’. இந்த எழுத்தில்தான் தமிழும் கம்ப்யூட்டரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. கண்ணுக்குக் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. வாய்க்கு க் என்ற மெய்யும் ஒ என்ற உயிரும். அந்தக் காலத்துக் கம்பாசிட்டர் கேஸிலிருந்து கொம்பை எடுத்து ஸ்டிக்கில் வைத்துவிட்டுத்தான் க-வைத் தேடுவார். தட்டச்சுப் பொறியிலும் கொம்புதான் முதலில். நான் தொழில் கற்ற பாமினி எழுத்துரு காலத்திலும் அப்படியே. யூனிகோட் வந்து வரிசையைத் திருப்பிப் போட்டது. முதலில் க, அதற்குப் பின் ‘ொ’ என்கிற ஒரே குறி. அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, பாதியைக் க-வுக்கு முன்னாலும் பாதியைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது திரைக்குப் பின்னால் இருக்கிற நிரலின் வேலை. பிரவுசரிலும் ஆண்ட்ராய்டிலும் இதைப் பெரும்பாலும் செய்வது ஹார்ஃப்பஸ் என்கிற இலவச நிரல். பாரசீகத்தில் ‘திறந்த எழுத்து’ என்று பொருள்படும் பெயர். பக்கம் அமைக்கிற மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். தேர்ந்தெடுக்காவிட்டால் பிளப்பதும் நடக்காது, சேர்ப்பதும் நடக்காது.

நான் தேர்ந்தெடுக்கவில்லை. இரவு பதினோரு மணி, சார்ஜ் போட்ட போனில் சின்னதாகப் புரூஃப் பார்த்து, ‘ஓகே’ என்று அச்சகத்துக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன். வந்து சேர்ந்த 2,000 லேபிளிலும் முதலில் தனியாக ஒரு க. அதற்குப் பிறகு ஒரு கொம்பு. கொம்புக்கும் காலுக்கும் நடுவில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம். ‘எழுத்து இங்கே வர வேண்டும்’ என்பதற்கு எழுத்துருவில் போட்டுவைக்கிற வட்டம் அது; வெளியில் தெரியவே கூடாது. மலையின் கடைசியில் இருக்க வேண்டிய லை-யிலும், ல-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய குறி பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி பின்னால் வந்து நின்றது. சாமையின் மை-யிலும் அதே கதை.

கொல்லிமலையில் வழங்குகிற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அறப்பளீஸ்வரர் கோயில் ஆற்றில் மீனைப் பிடித்து அறுத்துச் சமைக்கப் போனார்களாம். துண்டான மீன் மறுபடி ஒன்றுசேர்ந்து துள்ளித் தண்ணீருக்குள் போய்விட்டதாம். அறுத்த மீன் பொருந்துகிற மலையில் ஒரு கொம்பையும் ஒரு காலையும் பொருத்த என்னால் முடியவில்லை.

அக்கா லேபிளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த ரவுண்டு என்னங்க தம்பி?” என்றார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. “டிசைனுங்க அக்கா” என்றேன். ஆடி 17, 18 ஓரி விழாக் கூட்டத்தில் 2,000 பாக்கெட்டும் விற்றுப்போனது. அதற்கடுத்த வாரம் வேறொரு குழுவிலிருந்து இருவர் கடைக்கு வந்தார்கள். அந்த வட்ட முத்திரை ஆர்கானிக் சான்றிதழாமே, அதற்கு எந்த ஆபீசில் விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு அன்றைக்கு வந்த வெட்கத்துக்குச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை.

ஆறுதலுக்குச் சரித்திரத்தைப் புரட்டினேன். தோற்றவன் அங்கேதான் போவான். தமிழில் முதல் அச்செழுத்தைக் கோவாவில் 1577இல் ஜுவாம் கொன்சால்வ்ஸ் என்பவர் வார்த்தார். அது சரிப்படாமல் அடுத்த ஆண்டே கொல்லத்தில் ஜுவாம் தெ ஃபாரியா புதிதாக வார்த்தார். அந்த இரண்டாவது எழுத்தில்தான் 1578 அக்டோபர் 20 அன்று அண்ட்ரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கத்தில் அச்சாகி வந்தது. கொல்லத்திலும் கொ இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பிறகு பாதிரியார் சீகன்பால்கு இருந்த தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தமிழ் அச்செழுத்து 1713இல் வந்து இறங்கியது. அழகான எழுத்துதான், ஆனால் பெரிது. அதில் பைபிள் அடித்தால் தாள் கட்டுப்படியாகாது. சீஸ் கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கித் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்துக்கொண்டார்கள். சீகன்பால்குவுக்கே முதல் எழுத்து சரியாக வரவில்லையென்றால் சேந்தமங்கலத்துக்காரனுக்கு எப்படி வரும் என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். “அவரு திரும்பச் சரியாப் பண்ணினாரில்ல?” என்றாள்.

நானும் திரும்பப் பண்ணினேன். அடுத்த லேபிள் தினைக்கு. இம்முறை கொ ஒழுங்காகச் சேர்ந்தது. லை-யும் தன் இடத்தில் நின்றது. மூன்று முறை புரூஃப் பார்த்தேன், அதுவும் பெரிய திரையில். முழுக்க முழுக்கக் கொ-வையும் லை-யையும் மட்டுமே பார்த்தேன். 3,000 லேபிள் வந்தது. ‘கொல்லிமலைத் திணை’.

நடந்தது இதுதான். யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. நம் மூன்று நகரத்துக்கும் அவர்கள் வைத்த பெயர் இப்படி: ந-வுக்கு ஓர் ‘என்’, ண-வுக்கு இரண்டு ‘என்’, ன-வுக்கு மூன்று ‘என்’. பள்ளிக்கூடத்தில் நாம் படித்ததோ ரெண்டு சுழி ன, மூணு சுழி ண. நான் பெட்டிகளைப் பார்த்தேன். மூன்று ‘என்’ போட்ட பெட்டியில் மூன்று சுழியையும், இரண்டு ‘என்’ போட்ட பெட்டியில் இரண்டு சுழியையும் பொறுப்பாக வரைந்து வைத்தேன். இதைவிடத் தர்க்கமாக ஒருவன் தப்புச் செய்ய முடியாது. என் எழுத்துருவில் அடித்தால் மண் எல்லாம் மன், மான் எல்லாம் மாண். அண்ணன் அன்னண் ஆகிவிட்டான்.

அறுபது கிலோ தானியம் திணை என்ற பெயரில் சோளக்காட்டுச் சந்தைக்குப் போனது. பெரும்பாலோர் கவனிக்கவில்லை; அது எனக்கு இன்னும் வருத்தம். கவனித்த ஒரே ஆள் சுற்றுலா வந்த ஒரு தமிழாசிரியர். “குறிஞ்சியா முல்லையா? எந்தத் திணை அரைக்கிலோ நூறு ரூபாய்?” என்று கேட்டாராம். அக்காவுக்குப் புரியவில்லை. எனக்குப் போன் செய்து, “தம்பி, குறிஞ்சியும் வேணுமாம், நம்மகிட்ட இருக்குதுங்களா?” என்றார்.

இந்த இடத்தில் ம-வைச் சொல்லிவிடுகிறேன். ம-வில் நான் தோற்கவில்லை. ஏனென்றால் அதை நான் வரையவில்லை. இப்போது தமிழுக்கு நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிரியா ரவிச்சந்திரனின் கேட்டமரன் ஒன்பது தடிமனில் வருகிறது (நம் கட்டுமரம்தான் வெளிநாடு போய்த் திரும்பியிருக்கிறது). இலங்கையின் தாரிக் அஸீஸ் செய்த பவனம், ஹுசைன் செய்த மீரா இனிமை, ஏக் டைப் குழுவின் முக்தா மலர், ஒரே கோப்புக்குள் ஒடுங்கவும் அகலவும் செய்கிற அவர்களுடைய அனேக் என்று வரிசையாக இருக்கின்றன. எல்லாம் திறந்த உரிமத்தில். எடுத்து மாற்றிக்கொள்ளலாம், ஆனால் உரிமக் கோப்பைக் கூடவே வைக்க வேண்டும், அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். அவற்றில் ஒன்றிலிருந்து ம-வை எடுத்தேன். உரிமக் கோப்பை எடுக்க மறந்தேன். ஒரு வருடம் கழித்துத்தான் சேர்த்தேன். எதிலிருந்து எடுத்தேன் என்று இங்கே சொல்லவில்லை. என் மற்ற எழுத்துகளுக்கு நடுவில் தங்கள் ம நிற்பதைப் பார்த்தால் செய்தவர்களுக்கு மனம் கஷ்டப்படும்.

லை-க்கு வருவோம். கடைசி எழுத்து, என்னுடைய ஆசை எழுத்து. என் தாத்தா வீட்டுப் புத்தகங்களில் லை-க்கு யானைத் தும்பிக்கை இருக்கும். ல-வின் முன்னால் துதிக்கை மேலே எழும்பி வளைந்து இறங்கும். ணை, லை, ளை, னை நான்குக்கும் அப்படி. ணா, றா, னாவும் அவற்றின் ஒகர ஓகாரமும் வேறு மாதிரி. மொத்தம் 13 எழுத்து. பெரியார் 1935இலேயே குடி அரசில் இவற்றைச் சீர்திருத்தி எழுதத் தொடங்கிவிட்டார். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அரசாணை வந்தபின் பாடப்புத்தகங்களும் மாறின. கற்றுக்கொள்கிற குழந்தைக்கு 13 விதிவிலக்குகள் குறைந்தன. அது சரியான காரியம், எனக்கு அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மலை என்கிற சொல்லில் ஒரு யானை நின்றால் நன்றாக இருக்குமே என்ற சபலம். இந்த மாதிரி ஆசைகளுக்கு எழுத்துருவில் வழி இருக்கிறது. பழைய வடிவத்தை மாற்று வடிவமாக உள்ளே வைக்கலாம். வேண்டுபவர் எடுத்துப் போட்டுக்கொள்வார். நான் அவசரத்தில், வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் வருகிற மாதிரி வைத்துவிட்டேன். கடையின் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏற்றியும் விட்டேன்.

மிளகு லேபிள் வந்தது. கொல்லிமலையில் யானை. விலையில் யானை. ‘மலை விளைச்சல்’ என்று ஒரு வரி போட்டிருந்தேன், அதில் இரண்டு யானை. உண்மையான கொல்லிமலையில் கூட இத்தனை யானையை ஓரி ஒருசேரப் பார்த்திருக்க மாட்டான். அக்காவின் மகள் ஆறாம் வகுப்பு; ‘கொல்லிம’ வரை சத்தமாகப் படித்துவிட்டு நின்றாள். “மாமா, இது படமா எழுத்தா?” அவளுடைய பாட்டி பாக்கெட்டை வாங்கி ஒரே மூச்சில் படித்து முடித்தார். “இதான் லை. இப்ப எழுதறாங்களே அதுதான் எனக்குப் புடிபடறதில்ல” என்றார். அந்த ஒரு வாசகிக்காக 2,500 லேபிள் அடித்ததாகக் கணக்கு. ரூபாய்க் குறியும் எண்ணும் இருந்ததால் வியாபாரம் நின்றுவிடவில்லை. ஆனால் அக்கா முதல் முறையாக, “அடுத்த தடவை சாதா எழுத்துலயே போட்டுருங்க தம்பி” என்றார். ‘நம்ம எழுத்து’ என்ற சொல்லை அவரும் அதற்குப் பிறகு சொல்லவில்லை.

பாக்கெட்டில் போன மானத்தைப் பலகையில் மீட்கலாம் என்று நினைத்தேன். குழு சோளக்காட்டில் சின்னதாகக் கடை போட்டது. ‘கொல்லிமலை சிறுதானியக் கடை’ என்று மஞ்சள் தகரத்தில் கறுப்பு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். ஆறடி நீளம். சின்ன லேபிளில் தெரியாத குற்றமெல்லாம் ஆறடியில் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. லி-யின் கொக்கி ல-வோடு சேருகிற இடத்தை மயிரிழையாக இளைத்திருந்தேன், நளினம் என்று நினைத்து. வெட்டும்போதே கொக்கி கிழிந்தது. கையால் ஒட்டுப் போட்டேன்.

முதலில் உதிர்ந்தது ல்-இன் புள்ளி. மலைமேல் மழையும் பனிமூட்டமும் அதிகம். மற்ற எழுத்துக்குப் பிடித்துக்கொள்ள உடம்பு இருக்கிறது, புள்ளி பாவம் தனிக்கட்டை. ஒரே மாதத்தில் ‘கொலலிமலை’. அக்கா போன் செய்தபோது எனக்குச் சட்டென்று ஒரு பதில் கிடைத்தது. அறப்பளீஸ்வரர் கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள், அங்கேயும் புள்ளி இருக்காது என்றேன். பொய் இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி என்று தொல்காப்பியம் சொல்லியும், சோழர் கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று ஒரு காரணம் சொல்வதுண்டு. தொல்காப்பிய வழக்கில் குறில் எ, ஒ இரண்டுக்கும்கூடப் புள்ளி உண்டு. அதையும் விட்டுவிட்டதால் கொல்லியா கோல்லியா என்பதைப் படிக்கிறவன்தான் இடம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குச் சுழித்த கொம்பு கொடுத்தார். இவ்வளவையும் நான் சொல்லி முடிக்கும்வரை அக்கா பொறுமையாகக் கேட்டார். “அதெல்லாம் சாமி காரியம் தம்பி. இது கடை” என்றார்.

அடுத்த மழையில் ஒட்டுப்போட்ட லி போனது. பிறகு அந்த ல். தகரத்தின் நடுப்பகுதி கொஞ்சம் குழிந்திருந்தது, அங்கே தண்ணீர் தங்கியிருக்கிறது. கடன் வாங்கிய ம-வும் சகவாச தோஷத்தில் கூடவே போனது. மிச்சம் நின்றது முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான். நடுவில் வெறும் மஞ்சள். கொ, லை. அதற்கடுத்து ‘சிறுதானியக் கடை’.

யாரோ படம் எடுத்து வாட்ஸப்பில் விட்டார்கள். அது சுற்றிச் சுற்றி என் வீட்டுக்காரியின் தம்பி மூலம் எனக்கே வந்தது.

நாமக்கல்லில் லாரிக்கு எழுதுகிற ஒரு பெயிண்டரைத் தேடிப் போனேன். அறுபதை நெருங்குகிறவர். ஸ்டிக்கர் வந்ததிலிருந்து வேலை குறைவு என்றார். மலை என்றதும் பஸ் சார்ஜும் சாப்பாடும் தனி என்றார். 38ஆவது வளைவில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் எலுமிச்சம்பழத்தோடு இருந்தேன்.

தகரத்தைத் துடைத்து, சுண்ணாம்பில் நனைத்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. பென்சிலில் எதையும் வரையவில்லை. எனாமலில் பிரஷ்ஷை முக்கி நேராகக் கொம்பில் ஆரம்பித்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“அண்ணே, கம்ப்யூட்டர்ல க-வைத்தான் மொதல்ல அடிக்கணும். கொம்பு அப்புறம் வந்து முன்னால நிக்கும்.”

“அப்ப கொம்புக்கு எடம் விட்டுல்ல க எழுதணும்? எவ்வளவு எடம்னு எப்படித் தெரியும்?”

“அது பார்த்துக்கும்ணே.”

“உங்களுக்குப் பார்த்துச்சா?”

பேசாமல் இருந்தேன். அவர் ல்-ஐக் கொஞ்சம் ஒடுக்கமாகவும், அடுத்த லி-யின் ல-வைக் கொஞ்சம் அகலமாகவும் எழுதினார். ஏன் இரண்டும் ஒரே மாதிரி இல்லை என்றேன். பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இருந்தால் இரட்டைக் குழந்தைக்குச் சட்டை போட்ட மாதிரி இருக்கும் என்றார். ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவம் வைத்து, பக்கத்தில் வருகிற எழுத்தைப் பார்த்து மாற்றிக்கொள்கிற எழுத்துருக்களைப் பற்றி நான் படித்திருக்கிறேன், செய்ய முயன்று பாதியில் விட்டும் இருக்கிறேன். அவர் பிரஷ்ஷை மாற்றாமலே செய்துவிட்டார். லி-யின் கொக்கி தொடங்குகிற இடம் என் கட்டைவிரல் தடிமன் இருந்தது. லை-யில் யானை இல்லை. ஒன்றே கால் மணி நேரத்தில் பலகை முடிந்தது.

டீ குடிக்கும்போது, “நீங்க என்ன வேலை பார்க்கறீங்க தம்பி?” என்று கேட்டார். சட்டைப்பையில் அந்த விசிட்டிங் கார்டு இருந்தது. எடுக்கவில்லை. “டிடிபிங்கண்ணே” என்றேன்.

அந்தப் பலகை இரண்டு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டது. புள்ளி அப்படியே இருக்கிறது. லேபிள்கள் இப்போது வேறொருவர் செய்த எழுத்துருவில் வருகின்றன. அக்கா நிம்மதியாக இருக்கிறார். ‘வல்வில்’ செத்துவிடவில்லை. ண, ன இரண்டையும் இடம் மாற்றிவிட்டேன், யானையைக் கூண்டில் அடைத்துவிட்டேன், ல-வில் புள்ளிகளை 41இலிருந்து 14க்கு இறக்கிவிட்டேன். வேண்டுபவர்கள் பென்டிரைவோடு கடைக்கு வாருங்கள், இலவசமாகத் தருகிறேன். ஙூ மட்டும் அடித்துவிடாதீர்கள். அதை இன்னும் வரையவில்லை.